பேட்லேண்ட்ஸில் ஒரு மணி நேரம் போதுமா?

கேள்வி இதுதான்: "மினியாபொலிஸிலிருந்து யெல்லோஸ்டோனுக்குக் காரில் போகிறோம். வழியில் தெற்கு டகோட்டாவில் பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. படங்களில் எல்லாம் மொட்டை மண்மேடாகத்தான் தெரிகிறது. மரம் இல்லை, அருவி இல்லை. ஒரு மணி நேரம் நின்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதாதா?"

போதாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும். அதே மாநிலத்து ராபிட் சிட்டியில் சில வருடங்கள் குடியிருந்தவன் நான். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் பேட்லேண்ட்ஸுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். படித்தது மண்ணியல் என்பதால் பேச்சு அடிக்கடி மண் பக்கம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெயர். அந்தப் பக்கத்துப் பழங்குடிகளான லகோட்டா மக்கள் இந்த இடத்தை 'மாகோ சிச்சா' என்றார்கள். கெட்ட நிலம் என்று பொருள். தோல் வியாபாரத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர்களும் 'கடந்து போகச் சிரமமான கெட்ட நிலம்' என்றே சொல்லிவைத்தார்கள். குதிரையோடும் மூட்டையோடும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகவேண்டியவனுக்கு அது கெட்ட நிலம்தான். அங்கேயே மேய்ந்து, வளை தோண்டி, குட்டி போட்டுப் பிழைக்கிற உயிர்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்லும்.

நீங்கள் பார்த்த படங்கள் எல்லாம் ஒரே ஒரு உறுப்பின் படங்கள். அங்கே அதற்கு ஆங்கிலத்தில் 'வால்' (Wall) என்று பெயர், அதாவது சுவர். பக்கத்து ஊரின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு நெளிந்து நெளிந்து போகிற ஒரு மண் சரிவு. அதற்கு மேலே ஒரு புல்வெளி, கீழே இன்னொரு புல்வெளி. இரண்டு புல்வெளிகளுக்கும் நடுவில் இருக்கிற படிக்கட்டுதான் இந்தச் சுவர். பூங்காவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 980 சதுர கிலோமீட்டர். அதில் பெரும் பரப்பு புல். ஆனால் புல்லை யாரும் படம் எடுப்பதில்லை. படிக்கட்டை மட்டும் பார்த்துவிட்டு வீடு பார்த்தாயிற்று என்று கிளம்புகிறார்கள்.

சரி, படிக்கட்டிலிருந்தே தொடங்குவோம். காரை நிறுத்தி இறங்கியதும் ஏதாவது ஒரு மேட்டின் அடிவாரத்தில் குந்தி உட்காருங்கள். மேல்மண் சோளப்பொரி கொட்டிவைத்த மாதிரி உருண்டை உருண்டையாகப் பொரிந்திருக்கும். கட்டை விரலால் ஒரு சில்லைப் பெயர்த்தால் அடியில் மாவு போன்ற மண். முந்தின நாள் மழை பெய்திருந்தாலும் ஒரு சாணுக்குள் காய்ந்த மண் கிடைக்கும். இது எரிமலைச் சாம்பல் மக்கி உண்டான களிமண். நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். முதல் தூறலிலேயே மேல்தோல் ஊதி அடைத்துக்கொள்வதால் அதற்குப் பிறகு விழுகிற தண்ணீர் உள்ளே இறங்காது, அப்படியே வழிந்து ஓடும். ஓடும்போது மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். வருடத்துக்குச் சராசரியாக ஓர் அங்குலம் இப்படிக் கரைகிறது. பக்கத்திலேயே இருக்கிற பிளாக் ஹில்ஸ் மலையின் கருங்கல் ஓர் அங்குலம் தேய 10,000 வருடம் ஆகும் என்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் பேட்லேண்ட்ஸ் கண்ணெதிரே கரைகிற சர்க்கரைக்கட்டி.

மேடுகளில் ஏன் ஒன்றும் முளைக்கவில்லை என்பதற்கும் இதுதான் காரணம். அங்கே மழை வருடத்துக்கு 400 மில்லிமீட்டர்தான். அது குறைவுதான், ஆனால் புல் வளரப் போதும். பக்கத்திலேயே முழங்கால் அளவு புல் நிற்கிறதே! வறட்சியைவிடப் பெரிய தொந்தரவு, நிலம் நிலையாக நிற்காததுதான். ஒரு விதை விழுந்து வேர் பிடிப்பதற்குள் அது விழுந்த இடமே கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மேடு எங்கே கொஞ்சம் சரிந்து அமுங்கித் தண்ணீரைத் தேக்கிவைக்கிறதோ அங்கே கதை மாறிவிடும். கிளிஃப் ஷெல்ஃப் என்ற இடத்தில் அப்படி ஒரு சரிவு உண்டு. பழைய நிலச்சரிவில் மண் இறுகிப்போய் ஈரம் பிடித்து நிற்கிறது. சுற்றிலும் மொட்டை, நடுவில் ஜூனிபர் மரங்கள், குருவிச் சத்தம். அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். மண் நின்றால் உயிர் வரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அங்கே வேறு இல்லை.

கரைந்த மண் எங்கே போகிறது? ஒரு பங்கு கீழ்ச் சமவெளியில் படிந்து அங்கே புல் வளர இடம் தருகிறது. மீதி ஒயிட் ரிவர் ஆற்றில் கலக்கிறது. பெயருக்கேற்றபடி அது மோர் நிறத்தில்தான் ஓடும். அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுவதும் வைத்திருந்தாலும் தெளியாது. களிமண் துகள் அவ்வளவு நுண்ணியது, வடிகட்டியை ஊற்றின உடனே அடைத்துவிடும். நடைபயணம் போகிறவர்கள் குடிநீர் முழுவதையும் முதுகில்தான் சுமக்கவேண்டும்.

அடுத்து, அந்த வண்ணப் பட்டைகள். மஞ்சள், சாம்பல், சிவப்பு, வெள்ளை என்று கேக் அடுக்கின மாதிரி தெரிகிறதே, அதைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அந்தப் பட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் உயிர் வாழ்ந்த தரை என்பது தெரிந்தால் பார்க்கிற கண்ணே மாறிவிடும்.

அடியில் இருக்கிற கறுப்புக் களிப்பாறை கடல் அடிச் சேறு. சுமார் 7 கோடி வருடங்களுக்கு முன்பு வட அமெரிக்காவை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓர் உள்நாட்டுக் கடல் கிடந்தது. அந்தச் சேற்றில் அம்மோனைட் சிப்பிகளும் மோசசார் என்ற கடல் பல்லிகளின் எலும்பும் கிடைக்கின்றன. கடல் வற்றியதும் சேறு வெயிலுக்கு வந்தது. மழையும் வேரும் சேர்ந்து அதை மண்ணாக்கின, நிறம் மஞ்சளாயிற்று. 'யெல்லோ மவுண்ட்ஸ்' என்று பலகை வைத்திருக்கிறார்களே, அது இந்தப் பழைய மண்தான். அதற்கு மேல் சாம்பல் நிறம். 3.7 கோடி முதல் 3.4 கோடி வருடங்களுக்கு முன்பு வெப்பமும் ஈரமும் நிறைந்த காடாக இருந்த காலத்துச் சேறு. அதற்கும் மேலே பழுப்பும் சிவப்பும் மாறி மாறி வருகிற அடுக்குகள். காற்று உலர ஆரம்பித்துக் காடு விலகி, அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்கள் நின்ற திறந்தவெளியாக நிலம் மாறிய காலம். சிவப்புக் கோடு ஒவ்வொன்றும் புதைந்துபோன ஒரு மேல்மண். உற்றுப் பார்த்தால் பழைய வேர்கள் ஓடிய தடம்கூடத் தெரியும். உச்சியில் வெள்ளையாக ஒரு பட்டை. 3 கோடி வருடங்களுக்கு முன்பு மேற்கே எங்கோ எரிமலைகள் வெடித்து, காற்றில் வந்து படிந்த சாம்பல் அது.

ஆக, ஒரே இடத்தில் கடல், காடு, மரங்கள் நின்ற வெளி, இன்றைய புல்வெளி. நான்கு உலகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்திருக்கின்றன. ஆறுகள் இதை வெட்ட ஆரம்பித்து 5 லட்சம் வருடம்தான் ஆகிறது. இன்னொரு 5 லட்சம் வருடத்தில் வெட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

குழந்தைகள் கூட வருகிறார்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: இங்கே டைனோசர் இல்லை. டைனோசர் காலத்தில் இந்த இடம் கடலுக்கு அடியில் இருந்தது. கடல் வற்றி, அதன்மேல் நில அடுக்குகள் படிய ஆரம்பித்தபோது டைனோசர்கள் போய்விட்டன. இங்கே கிடைப்பது பாலூட்டிகள். காண்டாமிருகத்தைவிடப் பெரிய உடம்போடு மூக்கின்மேல் கவட்டைக்கொம்பு வைத்திருந்த பிராண்டோதீர், ஆட்டு அளவே இருந்த மூன்று விரல் குதிரை, வாள் மாதிரி பல் நீண்ட பூனை ஜாடை மிருகம், மந்தை மந்தையாக மேய்ந்த ஆட்டு ஜாடை ஓரியோடான்ட். இந்த எலும்புகளை முதலில் பார்த்தவர்கள் லகோட்டா மக்கள்தான். கல்லாகிப்போன சிப்பியையும் ஆமை ஓட்டையும் வைத்து இங்கே ஒரு காலத்தில் தண்ணீர் இருந்தது என்று சரியாகவே கணித்திருந்தார்கள். அறிவியல் உலகத்துக்குச் செய்தி எட்டியது 1840-களில், ஒரு தாடை எலும்பு செயின்ட் லூயிஸ் நகரத்து டாக்டர் ஒருவர் கைக்குப் போன பிறகு.

'பிக் பிக் டிக்' என்று ஒரு தோண்டல் இடம் உண்டு, பெரிய பன்றிக் குழி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1993-ல் இரண்டு சுற்றுலாப் பயணிகள் தரையில் நீட்டிக்கொண்டிருந்த எலும்பைப் பார்த்துச் சொன்னார்கள். பன்றி ஜாடையில் இருந்த ஒரு பழைய மிருகத்தின் எலும்பு என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு பார்த்தால் அது கொம்பில்லாத ஒரு காண்டாமிருகம். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நாலு நாளில் முடியும் என்று ஆரம்பித்த வேலை 2008 வரை இழுத்தது. அது ஒரு குட்டை. வறட்சியில் தண்ணீர் குடிக்க வந்த மிருகங்கள் சேற்றில் சிக்கிக்கொண்டன, அவற்றைத் தின்ன வந்தவையும் சேர்ந்து சிக்கின. 2010-ல் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று, பார்வையாளர் மையத்துக்குப் பக்கத்திலேயே வாள்பல் மிருகத்தின் மண்டையோட்டைக் கண்டுபிடித்தது. வருடம் ஓர் அங்குலம் கரைகிற நிலத்தில் தினமும் ஏதாவது ஒன்று தலைகாட்டும். நீங்கள் பார்த்தால் தொடாமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். எடுத்துப் பையில் போட்டால் சட்டப்படி குற்றம்.

இனி புல். இதைத்தான் அவசரத்தில் எல்லோரும் தவறவிடுகிறார்கள். கிழக்கே போனால் ஆள் உயரப் புல்வெளி, மேற்கே போனால் கணுக்கால் உயரப் புல்வெளி. பேட்லேண்ட்ஸ் இரண்டும் கலக்கிற இடம். புல் வகைகள் மட்டுமே சுமார் 60. மழை நன்றாக இருந்த வருடத்தில் நெடும்புல் மேலோங்கும், பஞ்ச வருடத்தில் பஃபலோ புல் மாதிரி தரையோடு ஒட்டிய வகைகள் பிழைத்துக்கொள்ளும். எந்த வருடம் எப்படி இருந்தாலும் ஏதோ ஒன்று தரையை மூடிக்கொண்டே இருக்கும். வெளியே தெரிகிற தாளைவிட மண்ணுக்குள் இருக்கிற வேர்தான் அதிகம். அந்த வேர்ப் பின்னல் மண்ணை எப்படிப் பிடித்துவைக்கிறது என்று பார்க்கவேண்டுமானால் சின்னச் சின்ன மேசை மாதிரி நிற்கிற திட்டுகளைத் தேடுங்கள். சுற்றிலும் எல்லாம் கரைந்து போயிருக்கும், நடுவில் ஒரு திட்டு மட்டும் தலையில் புல்லோடு நிற்கும். பழைய தரைமட்டம் அதுதான். புல் இருந்த இடம் தப்பித்தது.

இந்தப் புல்வெளியில் நான் அதிக நேரம் செலவழித்தது பிரெய்ரி நாய்களோடு. பெயர்தான் நாய், உண்மையில் தரையில் வாழ்கிற அணில் இனம். குரைக்கிற மாதிரி கத்துவதால் அந்தப் பெயர். சேஜ் கிரீக் ரிம் ரோட்டில் 'ராபர்ட்ஸ் டவுன்' என்ற அவற்றின் குடியிருப்பு இருக்கிறது. காரை நிறுத்தின உடனே நாலா பக்கமும் எச்சரிக்கைக் குரல் கேட்கும். பேசாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். ஒன்று வளை வாசலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் தூக்கித் தலையைப் பின்னால் சாய்த்து 'யிப்' என்று எகிறும். பின்னங்கால் தவறி மல்லாக்க விழுவதும் உண்டு. அதைப் பார்த்து அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது. ஒரு நிமிடத்தில் அந்தப் பக்கம் முழுவதும் எகிறிக்கொண்டிருக்கும்.

மாடு வளர்க்கிறவர்களுக்கு இதைக் கண்டால் ஆகாது, புல்லைத் தின்று தீர்க்கிறது என்று. ரொம்ப காலமாக விஷம் வைத்துக் கொன்றார்கள், இப்போதும் பூங்கா எல்லையைத் தாண்டினால் வைக்கிறார்கள். அவர்கள் வயிற்றுப் பிழைப்பு அது, குறை சொல்ல நான் யார். ஆனால் இந்தப் பிராணி இல்லையென்றால் அங்கே பாதிக் கூட்டம் இல்லை. திரும்பத் திரும்பக் கடிபட்டுத் துளிர்க்கிற புல்லில் சத்து அதிகம், அதனால் பைசன் என்ற காட்டு மாடுகள் இந்தக் குடியிருப்புகளைத் தேடி வந்து மேய்கின்றன. காலி வளைகளில் ஒரு வகை ஆந்தை குடியேறுகிறது, பகலிலேயே வாசலில் நின்று முறைக்கும். வாலை ஆட்டிச் சலசலக்கிற ராட்டில்ஸ்னேக் பாம்புக்கும் அந்த வளைதான் வீடு. வளைக்கரடியும் கொயோட்டி என்ற ஓநாய் ஜாடை மிருகமும் கழுகும் சாப்பாட்டுக்கு அங்கேதான் வரும்.

அப்புறம் கருங்கால் ஃபெரெட். பார்க்கக் கீரி மாதிரி நீண்ட உடம்பு, கண்ணைச் சுற்றி முகமூடி கட்டினாற்போல் கறுப்பு. அது தின்பதில் பத்தில் ஒன்பது பங்கு பிரெய்ரி நாய்தான், குடியிருப்பதும் பிரெய்ரி நாயின் வளையில்தான். பிரெய்ரி நாயை ஒழிக்கப்போய் இதுவும் ஒழிந்தது. உலகத்திலேயே இல்லை என்று நம்பியிருந்த நேரத்தில், 1981-ல் வயோமிங் மாநிலத்தில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரெட் ஒன்றை வீட்டு வாசலுக்குக் கவ்விக்கொண்டு வந்தது. பக்கத்தில் தேடினால் சிறு கூட்டம் ஒன்று உயிரோடு இருந்தது. அதுவும் நோயில் சரிய, மிஞ்சிய 18-ஐப் பிடித்துக் கூண்டில் வளர்த்து இனம் பெருக்கினார்கள். 1994-ல் பேட்லேண்ட்ஸில் கொண்டுவந்து விட்டார்கள். பூங்காவும் அதையொட்டிய கோனாட்டா பேசின் புல்வெளியும்தான் அதற்குக் கிடைத்த நல்ல இடங்களில் முதன்மையானவை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2008-ல் கோனாட்டாவுக்குள் பிளேக் நுழைந்தது. ஆமாம், அதே பிளேக்தான். 1896-ல் பம்பாயை உலுக்கிய அதே பரவல் கப்பலேறி 1900-ல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, எலித் தெள்ளுப்பூச்சி வழியாக அமெரிக்கக் காட்டு அணில்களுக்குத் தொற்றி, நூறு வருடத்தில் இந்தப் புல்வெளி வரை வந்துவிட்டது. பிரெய்ரி நாய்களுக்கு அதை எதிர்க்கிற சக்தியே கிடையாது, குடியிருப்பு குடியிருப்பாகச் செத்தன. இப்போது வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு வளை வாயிலும் தெள்ளுப்பூச்சி மருந்துப் பொடி தூவுகிறார்கள். ராத்திரியில் விளக்கடித்துப் பச்சையாக மின்னுகிற கண்ணைத் தேடி, ஃபெரெட்டைப் பிடித்து ஊசி போட்டு விடுகிறார்கள். ஆயிரக்கணக்கான வளை வாய்கள், வருடா வருடம். தேசியப் பூங்கா என்றால் வேலி போட்டுச் சும்மா விட்டுவிடுவது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மற்றவையும் பெரும்பாலும் போய்த் திரும்பி வந்தவைதான். பைசன் 1963-ல், பெருங்கொம்பு ஆடு அதற்கு மறுவருடம் கொலராடோவிலிருந்து, ஸ்விஃப்ட் நரி 2003 முதல். முன்பு அங்கே இருந்த பெருங்கொம்பு ஆட்டினம் வேட்டையில் அழிந்தே போயிற்று, இப்போது பாறை விளிம்பில் நின்று உங்களைப் பார்ப்பது அதன் உறவுக்காரன். பைசன் இன்று சுமார் 1,200 உண்டு. நம் ஊர்க் காட்டெருமையின் ஜாடை இருக்கும், ஆனால் வேறு மிருகம். மந்தை பெருகிப்போனால் உபரி மாடுகளைப் பழங்குடி மக்களின் மந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். அது ஒரு நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. போகவே போகாமல் நின்றது பிராங்ஹார்ன் என்ற மான் ஜாடை மிருகம். ஓட ஆரம்பித்தால் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் தொடும், அந்த வேகத்துக்கு அங்கே துரத்த இப்போது யாரும் இல்லை.

தெற்குப் பகுதி பற்றி ஒரு வார்த்தை. அது பைன் ரிட்ஜ் பழங்குடி நிலத்துக்குள் இருக்கிறது, ஓக்லாலா லகோட்டா மக்களோடு சேர்ந்து நிர்வகிக்கிறார்கள். 1942-ல் விமானப் படை குண்டு போட்டுப் பழக இடம் வேண்டும் என்று அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு சுமார் 125 குடும்பங்களை வெளியேற்றியது. வெடிக்காத குண்டுகள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. ரோடும் பலகையும் இல்லாத இடம். முதல் தடவை போகிறவர்கள் வடக்குப் பகுதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உங்கள் கணக்குக்கு வருவோம். பூங்காவுக்குள் போகிற லூப் ரோட்டில் எங்கும் நிற்காமல் ஓட்டினாலே ஒரு மணி நேரம் ஆகும். குறைந்தது ஒரு சாயங்காலமும் மறுநாள் காலையும் ஒதுக்குங்கள். நண்பகல் வெளிச்சத்தில் பட்டைகள் வெளுத்துத் தெரியும், சூரியன் சாயும்போதுதான் சிவப்பு எழும். ஜூனில் போனால் பச்சை, ஆனால் இடியும் ஆலங்கட்டியும் உண்டு. செப்டம்பரில் புல் காய்ந்து பொன்னிறம், கூட்டமும் குறைவு. ஜூலை, ஆகஸ்ட் வெயில் 40 டிகிரியைத் தொடும், நிழலுக்கு ஒதுங்க மரம் கிடையாது. பாதையை விட்டு இறங்கி எங்கே வேண்டுமானாலும் நடக்க அனுமதி இருக்கிறது, அமெரிக்கப் பூங்காக்களில் எல்லா இடத்திலும் இந்தச் சலுகை கிடையாது. நடக்கும்போது கை வைக்கிற இடத்தைப் பார்த்து வையுங்கள், பாம்பு உண்டு.

சேஜ் கிரீக் ரோடு மண் ரோடு. மழை பெய்திருந்தால் காரை இறக்கவே வேண்டாம். மேலே சொன்ன அதே களிமண்தான், சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுழலவிடாது. என் காரை இழுத்துவிட வந்த பண்ணைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சங்கிலியை மாட்டினார், அந்த மௌனமே போதுமாக இருந்தது. காய்ந்திருந்தால் தைரியமாகப் போங்கள். பைசன் ரோட்டில் நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்காதீர்கள், நூறு கஜம் தள்ளி நின்று என்ஜினை அணைத்துவிடுங்கள். கடைசியாகப் போனபோது ஒரு மந்தை ரோட்டைத் தாண்ட நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசிக் கிழ எருது மட்டும் நடுரோட்டில் படுத்துப் புழுதியில் புரண்டு, எழுந்து உதறிவிட்டு, எங்களைத் திரும்பியும் பார்க்காமல் போயிற்று.